காட்டுப்பன்றிக்கு எது தடை: துப்பாக்கியா, மின்வேலியா, மீன்வலையா?

இராமநாதபுரம் மாவட்டத்தில் புழுதியில் விதைத்த நெல் ஐப்பசி மழையில் தேறி, கார்த்திகைக் கடைசியில் பால் பிடிக்கத் தொடங்கும் நாள்களில், கடலாடி, சாயல்குடி, முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்து ஊர்களில் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு காட்டுப்பன்றியில்தான் வந்து நிற்கிறது. “சுடுவதற்கு உத்தரவு வந்துவிட்டதாமே, என்ன துப்பாக்கி வாங்கலாம்?” என்று கேட்பவர்களும் உண்டு, சோலார் வேலிக்கு மானியம் கிடைக்குமா என்று அலைபவர்களும் உண்டு, பாம்பனிலோ மண்டபத்திலோ கழித்துப் போட்ட மீன்வலையை மூட்டையாக வாங்கிவந்து வயலைச் சுற்றிக் கட்டிவிட்டுத் தூங்கப் போகிறவர்களும் உண்டு. இவற்றில் எது எந்த நிலத்துக்குப் பொருந்தும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி உழவர் கையில் இருக்கும் தேர்வே அன்று. எஞ்சியவற்றில் சிறந்தது சோலார் வேலி, ஆனால் பக்கத்து நிலத்துக்காரர்களும் சேர்ந்தால் மட்டுமே. தனியாக ஓர் ஏக்கர் வைத்திருப்பவர் அதில் பணத்தைப் போடுவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

மேற்கு மலையடிவாரத்தில் பன்றி காட்டிலிருந்து இறங்குகிறது, இங்கே அப்படியில்லை. நம் மாவட்டத்தில் காப்புக் காட்டின் பரப்பு மிகக் குறைவு. பன்றிக்கு இங்கே காடாக இருப்பது கண்மாய்களுக்குள்ளும் தரிசுகளிலும் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேல் புதர்தான். பகலெல்லாம் அந்த முள்ளுக்குள் நிழலில் கிடந்துவிட்டு, கண்மாய்ச் சேற்றில் புரண்டு உடலைக் குளிர்வித்துக்கொண்டு, இருட்டியதும் கரையைத் தாண்டி வயலில் இறங்குகிறது. வியர்த்து வெப்பத்தைத் தணித்துக்கொள்ள இயலாத விலங்கு என்பதால், சேறும் நிழலும் அதற்கு உணவைப் போலவே இன்றியமையாதவை. பெண் பன்றி நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவாகச் சினை சுமந்து, ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை ஈனுகிறது. தாயும் குட்டிகளும் கூட்டமாகத் திரிய, வளர்ந்த ஆண் தனியாகவே வரும். கண் அவ்வளவு கூர்மையில்லை. மூக்கு மிகக் கூர்மை. பன்றியைத் தடுக்க நாம் செய்யும் எதுவும் அந்த மூக்கைக் கணக்கில் கொள்ளாவிட்டால் வீண்.

வேலி பற்றி யோசிப்பதற்கு முன், பன்றி எந்த வழியாக வருகிறது, எவ்வளவு பெரியது என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். சேற்றில் புரண்டு எழுந்த பன்றி, வரும் வழியில் உள்ள பனையில் உடம்பைத் தேய்த்துவிட்டுத்தான் நகரும். கண்மாய்க் கரையோரப் பனைகளின் அடியில் காய்ந்த சேறு பூசியதுபோல் ஒட்டியிருப்பதையும், செதிளுக்கிடையில் கறுத்த தடித்த மயிர் சிக்கியிருப்பதையும் காணலாம். அந்தச் சேற்றுத் தடத்தின் மேல்விளிம்பு முழங்காலுக்குக் கீழே நின்றால் வருவது இளங்கூட்டம். தொடையளவு உயர்ந்திருந்தால் நூறு கிலோவைத் தொடும் ஆண் பன்றி வருகிறது என்று கொள்ளலாம். வேலியின் கீழ்க்கம்பியை எந்த உயரத்தில் கட்டுவது, எந்த மூலையை வலுவாக்குவது என்பதற்கெல்லாம் இந்தப் பனையே போதுமான சாட்சி.

இனித் துப்பாக்கி. 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்த காட்டுப்பன்றி, 2022-இல் நிறைவேறிய திருத்தத்துக்குப் பின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிரை அழிக்கும் விலங்கைக் கொல்ல அச்சட்டத்தின் 11-ஆவது பிரிவு வழிவிடுகிறது. ஆனால் அந்த அனுமதி தலைமை வனவுயிரினக் காப்பாளரிடமிருந்தோ, அவர் அதிகாரம் வழங்கிய அலுவலரிடமிருந்தோ வரவேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவு, காப்புக் காட்டிலிருந்து உள்ள தொலைவை மூன்றாகப் பிரிக்கிறது: ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடவேண்டும், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். “வனத்துறையினரே” என்ற சொல்லைத்தான் டீக்கடைப் பேச்சு விழுங்கிவிடுகிறது. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் வழியாக உரிமம் பெற்ற உள்ளூர்த் துப்பாக்கிக்காரர்களைப் பயன்படுத்தும் ஏற்பாடு இருக்கிறது. அதைக் கேள்விப்பட்டவர்கள் இங்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சுடப்பட்ட பன்றி அரசின் சொத்து. அதன் கறியில் யாருக்கும் பங்கு கிடையாது.

ஆயுதச் சட்டத்தின்படி பயிர்க் காவலுக்கென்று குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க இன்றும் வழி இருக்கிறது என்பது உண்மை. ஆயினும் துப்பாக்கி வைத்திருக்க உரிமமும் பன்றியைச் சுட அனுமதியும் வெவ்வேறு. முன்னதை மாவட்ட ஆட்சியர் தருவார்; பின்னது வனத்துறையிடமிருந்து வரவேண்டும். முதலாவதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சுட்டால், கெட்டிக்காரத்தனமாகச் செய்ததாக நினைத்துக்கொண்டு வழக்கில் போய் விழவேண்டியதுதான்.

இருந்தாலும் எந்தத் துப்பாக்கி ஏற்றது என்ற கேள்வியை ஒதுக்கிவிட மனமில்லை. வனத்துறையிடம் மனுக் கொடுக்கும் ஊரார், தங்கள் வயலில் நடக்கப்போவது என்ன என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. .303, 7.62 மில்லிமீட்டர் போன்ற இராணுவக் குண்டுகளுக்கான துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட வகையில் சேரும் என்பதால், இந்தியாவில் தனியாருக்கு உரிமம் கிடைக்கக்கூடியவை பெரும்பாலும் .22, .315, .30-06 ரைபிள்களும் 12 போர் (bore) என்னும் அகலக் குழல் துப்பாக்கியுமே. இவற்றில் .22 பன்றிக்கு உதவாது. வளர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டையை மூடித் தோலுக்கடியில் குருத்தெலும்பு போன்ற கெட்டியான படலம் ஒன்று இருக்கிறது. சிறிய குண்டு அதில் சிக்கி நின்றுவிட, காயம்பட்ட பன்றி முள்ளுக்குள் ஓடிவிடும். விடிந்ததும் விறகு பொறுக்கப் போகிறவர்தான் அதன் எதிரில் நிற்பார். இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட .315 ரைபிளின் குண்டு கனமானது, வேகம் குறைந்தது. நூறு மீட்டருக்குள் பன்றியை வீழ்த்த அதற்குத் தாராளமாக வலு உண்டு. .30-06 அதைவிட வேகமானது, தொலைவிலும் தாழாமல் நேராகப் போவது. மலைச்சரிவில் தொலைவிலுள்ள மானைக் குறிபார்ப்பதற்குத்தான் அந்தக் குணம் தேவை.

நம் நிலத்தில் அதே குணம் ஆபத்தாகிவிடுகிறது. கடற்கரையிலிருந்து உள்ளே பல கிலோமீட்டர் வரை இராமநாதபுரம் தட்டையான பூமி. கண்மாய்க் கரையைத் தவிர, தவறிய குண்டைத் தாங்கிக்கொள்ள ஒரு மேடு கிடையாது. .30-06-இன் குண்டு மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் பறக்கக்கூடியது. பன்றி வரும் இரவு நேரத்தில் அந்த மூன்று கிலோமீட்டருக்குள் யார் இருப்பார்கள் என்பதை உள்ளூர்க்காரர்கள் அறிவார்கள். அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டுவிட்டு ஆட்டுக்கு நடுவே துண்டை விரித்துப் படுத்திருக்கும் கீதாரி, கரிமூட்டம் புகைவதைப் பார்த்துக்கொண்டு காவலிருப்பவர், பதநீர்ப் பருவத்தில் விடியுமுன் பனையடிக்கு வந்துவிடும் பனையேறி ஆகியோர் யாரும் விளக்குப் போட்டுக்கொண்டு இருப்பதில்லை. ஆகவே என்னைக் கேட்டால், இந்த மண்ணுக்கு வலுவான ரைபிளைவிட, பரண் மேலிருந்து கீழ்நோக்கி முப்பது நாற்பது மீட்டருக்குள் சுடும் 12 போர் துப்பாக்கியே தகும். அதிலும் சிதறும் ரவைகளைவிட ஒற்றைக் குண்டு மேல், ஏனென்றால் அது காயப்படுத்தி ஓடவிடுவது குறைவு. பரணின் உயரத்தால், தவறிய குண்டு பன்றிக்குப் பின்னால் சில மீட்டருக்குள்ளேயே மண்ணில் இறங்கிவிடும். .315 அதற்கு அடுத்த நிலையில், கண்மாய்க் கரை பின்னால் இருக்கும் இடத்தில் மட்டும்.

இவ்வளவு கவனத்தோடு சுட்டாலும் பயன் எவ்வளவு? கூட்டத்தில் ஒன்றிரண்டைச் சுட்டால் மற்றவை சில நாள் அந்தப் பக்கம் வராமல் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு நகரும். ஈற்றுக்கு நான்கைந்து குட்டி போடும் விலங்கின் எண்ணிக்கையை இப்படிக் குறைத்துவிட முடியாது. சீமைக் கருவேல் நிற்கும்வரை அந்த இடம் காலியாக இருக்கப்போவதில்லை. மனுக் கொடுப்பதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனுவை நம்பி இந்தப் பருவத்துப் பயிரைத் திறந்துபோட்டுவிடக் கூடாது.

ஒப்பிடவே தகாத இரண்டு வழிகள் உண்டு. அவற்றை இங்கேயே தள்ளிவிடலாம். ஒன்று அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் நாட்டு வெடி. மற்றொன்று மின்கம்பத்திலிருந்தோ மோட்டார் கொட்டகையிலிருந்தோ நேரடியாகக் கம்பியில் மின்சாரம் விடுவது. வீட்டு மின்சாரம் தொடர்ந்து பாய்வது. தொட்டவரின் தசை இறுகிக் கம்பியை விடமுடியாமல் பிடித்துக்கொள்ள, அதுவே உயிரைக் குடிக்கிறது. பன்றிக்கு வைத்த கம்பியில், தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து வயல்காரரோ வைத்தவரேயோ சாவது தமிழகத்தில் புதிய செய்தி அன்று. மின்திருட்டு வழக்கோடு மரணத்துக்குக் காரணமான வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

சோலார் வேலியை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஊரில் ஜட்கா மெஷின் என்று வழங்கும் பெட்டி, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஆயிரக்கணக்கான வோல்ட் கொண்ட துடிப்பை ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் ஒருமுறை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் விநாடியின் மிகச் சிறிய பங்கே நீடிக்கும். அடி சுரீரென்று இருக்கும், ஆனால் அடுத்த துடிப்புக்குள் கையையோ மூக்கையோ எடுத்துக்கொள்ள நேரம் உண்டு. காப்புக் காட்டை ஒட்டிய பகுதிகளில் 2023-இல் வந்த விதிகளின்படி இவ்வேலிக்குப் பதிவும் வனத்துறை அனுமதியும் தேவை. அப்படிப்பட்ட இடமாக இல்லாவிட்டாலும், தரநிலைக்கு உட்பட்ட பெட்டியையே வாங்க வேண்டும். உள்ளூர் மெக்கானிக் சுருளைச் சுற்றித் தரும் பெட்டி விலை குறைவுதான். துடிப்பின் நீளத்தை யார் அளந்து பார்த்தார்கள்?

இவ்வேலியை மதிப்பிடும்போது நம் கடலோரத்துக்கே உரிய இரண்டு இடைஞ்சல்களை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. முதலாவது மண். மின்துடிப்பு கம்பியிலிருந்து பன்றியின் உடல் வழியாக மண்ணில் இறங்கி, எர்த் கம்பி வழியாகப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். இந்தச் சுற்று முழுமையாகாவிட்டால் பன்றிக்கு அடி விழாது. மழைக்காலத்தில் நெல் வயலின் ஈரக் களிமண்ணில், அதிலும் சற்று உவர் கலந்த மண்ணில், மின்சாரம் அருமையாக ஓடும். ஆனால் சித்திரை வைகாசியில், உச்சிப்புளிப் பக்கத்தைப் போன்ற காய்ந்த மணலில் கடலை போட்டிருந்தால், மணல் ஏறத்தாழ மின்காப்புப் பொருளாகவே நடந்துகொள்கிறது. பன்றி கம்பியை முட்டிவிட்டு ஒன்றும் நேராததுபோல் உள்ளே போய்விடும். பெட்டி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களில் பலருக்குக் கெட்டிருப்பது எர்த்துதான். இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. எர்த் கம்பிகளை மூன்று இடங்களில் ஆழமாக, முடிந்தால் கிணற்று மேட்டிலோ தண்ணீர் வடியும் இடத்திலோ இறக்கி ஒன்றோடொன்று இணைப்பது ஒன்று. வேலியிலேயே ஒரு கம்பி விட்டு ஒரு கம்பியை எர்த்தோடு இணைத்துவிடுவது மற்றொன்று; அப்போது பன்றி இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டால் மண்ணின் உதவி இல்லாமலே அடி விழும். மணற்பாங்கில் இரண்டாவது முறையைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது இடைஞ்சல் கடற்காற்று. காற்று கொண்டுவரும் உப்பு, கம்பியைத் தாங்கும் பிளாஸ்டிக் இன்சுலேட்டர்களின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. பகலில் அது காய்ந்து கிடப்பதால் தொல்லை இல்லை. பின்னிரவில் பனி இறங்கியதும் அந்த உப்பு ஈரமாகி, மின்சாரம் கம்பியிலிருந்து கம்பத்துக்கு வழிந்தோடத் தொடங்குகிறது. மார்கழி விடியற்காலையில் வேலியோரமாக நடந்தால், பெட்டியின் துடிப்புக்கு ஏற்ப ‘டிக்’, ‘டிக்’ என்ற ஓசை ஒரு குறிப்பிட்ட கம்பத்திலிருந்து கேட்கும். இருட்டில் உற்றுப் பார்த்தால் நீலப் பொறி ஒன்று தெறிப்பதும் தெரியும். பன்றி வரும் நேரமும் அதுதான். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் மாதம் ஒருமுறை இன்சுலேட்டர்களைத் துடைப்பதும், சோலார் தகட்டின் மேல் படிந்த உப்புத் தூசியைக் கழுவுவதும் இங்கே தவிர்க்க முடியாத வேலைகள். ஜி.ஐ. கம்பியிலும் துத்தநாகப் பூச்சு கனமாக உள்ளதைத் தேடி வாங்க வேண்டும். மெல்லிய பூச்சு கடலருகே சில பருவங்களிலேயே துருவேறிவிடும்.

கம்பிகளின் உயரம் பற்றி ஒன்று. யானைக்கும் மாட்டுக்கும் போடும் வேலியைப் பன்றிக்கு அப்படியே போட்டால் பயனில்லை. முரட்டு மயிரும் காய்ந்த சேறும் மூடிய முதுகில் பட்டால் அடி உறைக்காது. ஈரமான மூக்கில் பட்டால்தான் உறைக்கும். எனவே முதல் கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. அடுத்த இரண்டும் நெருக்கமாக இருக்க வேண்டும். மேலே இரண்டு போதும். தலையை நுழைத்த பிறகு காதுக்குப் பின்னால் அடி விழும் பன்றி பின்வாங்காமல் முன்னோக்கிப் பாய்ந்துவிடும் என்பதால், கம்பியை மிச்சப்படுத்த இடைவெளியைக் கூட்டக் கூடாது. ஒரு சாண் உயரக் கம்பியை மழைக்குப் பின் வளரும் அறுகும் கோரையும் இரண்டு வாரத்தில் எட்டிவிடும். தொட்ட ஒவ்வொரு புல்லும் மின்சாரத்தைக் கசியவிடும். புல் அறுக்க ஆள் இல்லாத இடத்தில் சோலார் வேலி வெறும் கம்பி.

செலவைக் கணக்கிடும்போது மீட்டருக்கு எவ்வளவு என்று கேட்பதைவிட, ஏக்கருக்கு எத்தனை மீட்டர் என்று கேட்பதுதான் சரி. சதுரமான ஓர் ஏக்கரின் சுற்றளவு ஏறத்தாழ 254 மீட்டர். நம் பக்கத்தில் பாகம் பிரித்துப் பிரித்து நிலங்கள் நீளத் துண்டுகளாகிவிட்டன. 20 மீட்டர் அகலமுள்ள துண்டாக அதே ஓர் ஏக்கர் இருந்தால் சுற்றளவு 445 மீட்டராகிவிடும். மாறாக, அடுத்தடுத்த துண்டுகளாகப் பத்து ஏக்கரைச் சேர்த்துச் சதுரமாக வளைத்தால் சுற்றளவு 805 மீட்டர், அதாவது ஏக்கருக்கு 80 மீட்டர்தான். தனித்தனியாக வேலி போட்டால் ஐந்து பங்குக்கும் மேலாகக் கம்பி வாங்க வேண்டிய துண்டுக்காரர், சேர்ந்து போட்டால் ஒரு பங்கோடு முடித்துக்கொள்கிறார். பெட்டி, தகடு, பேட்டரி மூன்றும் பத்து ஏக்கருக்கும் ஒன்றே போதும். தவிர, தனியாக வேலி போட்டவர் பன்றியைத் தடுப்பதில்லை, பக்கத்து வயலுக்குத் திருப்பி விடுகிறார். வரப்புத் தகராறு தீராத பங்காளிகள் வேலிக்காக ஒன்றுசேர்வார்களா என்று கேட்டால், கடலைக் கொல்லை ஒருமுறை முழுதாகக் கிளறப்பட்ட பிறகு சேர்ந்திருக்கிறார்கள் என்றுதான் சொல்ல முடியும்.

சங்கிலிப் பின்னல் கம்பிவலை, பணம் இருப்பவரின் முதல் எண்ணமாக இருக்கிறது. அதற்குப் பேட்டரி வேண்டாம், புல் அறுக்க வேண்டாம், ஆடுமாட்டையும் சேர்த்துத் தடுக்கும். பன்றி மேலே ஏறுவதில்லை. கீழ்விளிம்பில் மூக்கைக் கொடுத்து நெம்பித் தூக்குகிறது. அடியில் ஓரடியாவது மண்ணுக்குள் புதைக்காத வலை, மணற்பாங்கில் ஒரு வாரம்கூடத் தாங்காது. புதைத்தாலோ உவர் மண் கம்பியைத் தின்றுவிடுகிறது. கம்பத்திலும் கவனம் தேவை: உப்பு மண்ணில் சிமெண்டுக் கம்பத்தின் உள்ளிருக்கும் இரும்பு துருவேறி உப்பி, கம்பம் நெடுகப் பிளந்துவிடும், கல் தூணுக்கு அந்தக் கேடில்லை. தென்னங்கன்று வைத்தவருக்கு இந்த வேலி நியாயமான செலவு, ஏனென்றால் குருத்துக்காகக் கன்றையே பிடுங்கிப்போடும் பன்றியிடமிருந்து சில ஆண்டுகள் தொடர்ந்து காவல் வேண்டும். நான்கு மாதத்துக் கடலைக்கு இது மிகை.

மீன்வலை கடலோர ஊர்களுக்குக் கிடைத்த வசதி. கிழிந்து கழித்த நைலான் வலை எடைக்குச் சல்லிசாகக் கிடைக்கிறது. கருவேலங் கம்பை ஊன்றி இரண்டு மடிப்பாகக் கட்டினால் ஒரு பகலில் ஓர் ஏக்கரை வளைத்துவிடலாம். பன்றி வலையை அறுத்துக்கொண்டு போகக்கூடியதுதான் என்றாலும், குளம்பு கண்ணியில் மாட்டுவதை அது விரும்புவதில்லை. தரையில் இரண்டடி அகலத்துக்கு வலையைத் தளர்வாகப் பரப்பிவிட்டால் கால் வைக்கத் தயங்கும். இதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. மயில், சாரைப்பாம்பு, உடும்பு, சில இடங்களில் புள்ளிமான் என்று எது வந்தாலும் அதில் மாட்டிக்கொண்டு செத்துப்போகும். சாரை செத்தால் எலி பெருகும், மயிலோ மானோ செத்தால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வெயிலில் நைலான் இற்றுப்போவதால் பருவத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். காலையில் ஒருமுறை சுற்றிப் பார்த்து மாட்டியதை விடுவிக்க ஆள் இருந்தால், ஒரு பருவத்துப் பயிருக்கு வலை மோசமில்லை.

சீமைக் கருவேல் முள்ளை வெட்டி அடைப்பதும், பனங்கருக்கு மட்டையை நெருக்கமாக ஊன்றிக் கட்டுவதும் நம் ஊரின் பழைய வழிகள். கூலியைத் தவிரச் செலவில்லை. மட்டை வேலி ஆட்டுக்கும் காற்றுக்கும் நன்றாகத் தாங்கும். கறையான் அடியை அரித்த மறுநாள் பன்றிக்கு அது வழிவிட்டுவிடும். மற்றொரு வேலிக்கு வெளியே துணை அரணாக மட்டும் முள்ளை வைத்துக்கொள்ளலாம். அகழி வெட்டுவது கரிசலில் வெடிப்பாலும் மணலில் சரிவாலும் ஒரு மழையோடு தூர்ந்துவிடும் என்பதால் அதை விரிக்கத் தேவையில்லை.

நாற்றத்தால் விரட்டும் வழிகள் பல. சலூனில் கூட்டிய தலைமயிரை வரப்பில் தூவுவது, பழஞ்சேலையை வண்ணம் வண்ணமாகச் சுற்றிக் கட்டுவது, அழுகிய முட்டைக் கரைசல், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய காட்டுப்பன்றி விரட்டி என்று வரிசை நீள்கிறது. மூக்கை நம்பி வாழும் விலங்குக்குப் புதிய நாற்றம் சில நாள் அச்சம் தரும். தீங்கு எதுவும் வரவில்லை என்று தெரிந்ததும் அதே மூக்கு அதைப் பழகிக்கொள்கிறது. கடற்காற்று ஓயாமல் வீசும் கொல்லையில் வாசனை தங்குவதும் குறைவு. கதிர் முற்றும் கடைசி இரண்டு மூன்று வாரத்துக்கு, பொருளை மாற்றி மாற்றி வைத்தால் உதவும். பருவம் முழுவதும் இதையே நம்பினால் ஏமாற்றம்தான். திம்மட் குருணையைப் பொட்டலம் கட்டித் தொங்கவிடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். அதிலுள்ள போரேட் என்னும் நஞ்சு 2020 டிசம்பர் முடிவோடு நாட்டில் முற்றிலும் தடைசெய்யப்பட்டுவிட்டது. பழைய இருப்பு எங்கேனும் கிடைத்தாலும், மழையில் கரைந்து கண்மாய்த் தண்ணீரில் கலந்தால் ஆடும் மீனும் சாகும்.

இரவுக் காவல் இன்றும் மிக நம்பகமான தடை. ஆனால் அதற்குத் தூக்கத்தை விலையாகக் கொடுக்க வேண்டும். பரண் போட்டு, டார்ச் விளக்கும் தகர டப்பாவுமாக விழித்திருக்க இன்று வீட்டில் யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் திருப்பூரிலோ துபாயிலோ இருக்க, அறுபதைத் தாண்டியவர்கள் பனியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலியின் விலையைக் கணக்கிடும்போது இந்த இரவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி, பயிரை வைத்துப் பார்ப்போம். முண்டு மிளகாயும் பருத்தியும் போட்டவர் பெரிய வேலிக்கு அவசரப்பட வேண்டாம். பன்றி அவற்றை விரும்பித் தின்பதில்லை, புழுவுக்காக வரப்பைக் கிளறும்போது ஏற்படும் சேதத்துக்கு வலையும் முள்ளும் போதும். நிலக்கடலை இதற்கு நேர்மாறு. விதைத்த வாரத்தில் விதைக்காகவும், காய் பிடித்த பின் காய்க்காகவும் இருமுறை தாக்கப்படும் பயிர் அது. இடைப்பட்ட நாள்களில் ஆபத்து குறைவு. ஓர் ஏக்கர் கடலைக்காரர் தனியாக இருந்தால், இந்த இரண்டு கட்டங்களுக்கும் மீன்வலையும் காவலும் வைத்து ஒப்பேற்றுவதே சிக்கனம். நெல்லும் மக்காச்சோளமும் அடுத்தடுத்து நிற்கும் ஐந்து ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பாக இருந்து, நிலத்துக்காரர்களும் ஒத்துவந்தால், சோலார் வேலியை விட்டு வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. வேலியும் போட்டு, அதற்கு வெளியே கண்மாய்க்குள் கருவேலை வெட்டவும் ஊராட்சி வழியாக முயன்றால் இரட்டைப் பயன். பன்றிக்குப் பகல் தங்கலே இல்லாமற் போகும்.

கூட்டாகப் போடுவது என்று முடிவானால், ஆடி மாதத்துக்குள் வேளாண்மைப் பொறியியல் துறையின் இராமநாதபுரம் அலுவலகத்தில் அந்த ஆண்டின் மானிய விகிதத்தையும் ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியலையும் கேட்டுவிட வேண்டும்; ஐப்பசியில் போய்க் கேட்டால் பணி ஆணை வருவதற்குள் கதிர் முற்றிவிடும். பேட்டரி யார் வீட்டில் இருக்கும், எந்தப் பக்கத்துப் புல்லை யார் அறுப்பது, பெட்டி பழுதானால் யார் எடுத்துப் போவது, செலவை ஏக்கர் கணக்கில் பிரிப்பதா சுற்றளவுக் கணக்கில் பிரிப்பதா என்பவற்றைக் கம்பி வாங்குவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. மின்வேலிக்கென்றே விற்கும் டெஸ்டர் ஒன்றையும் சேர்த்து வாங்கி, பெட்டிக்கு மிகத் தொலைவிலுள்ள மூலையில் வாரம் ஒருமுறை விடியுமுன் அளக்க வேண்டும். அங்கே 3,000 வோல்ட்டுக்குக் குறைந்தால், முதலில் புல்லையும், அடுத்து இன்சுலேட்டரையும், கடைசியாக எர்த்தையும் பார்க்கவும்; மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே பெட்டியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகலாம்.